புழு மேல் விழுந்த பழி: ரீஃப் டேங்கில் ஒட்டி வந்த உயிர்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பவளங்கள் வளர்க்கும் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி (ரீஃப் டேங்க்) ஒன்றில் சில வாரங்களுக்குள் மூன்று இழப்புகள். பவளத்தின் உறவான ஸோவாந்திட் கூட்டம் ஒன்று ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது. நன்றாக விரிந்து நின்ற மேக்ஸிமா கிளாம் என்ற கடல் சிப்பி சுருங்கி, வாய் பிளந்து, செத்துப்போனது. பாசி மேய்வதற்காக விட்டிருந்த டர்போ நத்தைகளின் ஓடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகக் கிடந்தன. போதாக்குறைக்கு, விளக்கணைந்த பிறகு பாறைக்குள்ளிருந்து ‘டக்’கென்று ஒரு சத்தம். முதல் முறை கேட்கிறவர் கண்ணாடிதான் விரிசல் விட்டுவிட்டதோ என்று தண்ணீர்க் கசிவைத் தேடுவார்.

டேங்க் என் நண்பருடையது. செத்த கிளாமை அவர் வெளியே எடுத்தபோது சதைக்குள் முள்புழுக்கள் கொத்தாக நெளிந்தன. அவரைப் பொறுத்தவரை வழக்கு அத்தோடு முடிந்தது. “கையும் களவுமா மாட்டிக்கிச்சு. இனி என்ன ஆராய்ச்சி?” என்றார். லைவ் ராக் (உயிர்கள் குடியிருக்கும் கடல்பாறை) முழுவதையும் வெளியே எடுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, முதலிலிருந்து தொடங்குவது அவர் திட்டம்.

நான் கேட்டது ஒன்றுதான். புழு உள்ளே போனது கிளாம் சாவதற்கு முன்னாலா, செத்த பிறகா? அவர் பார்க்கவில்லை. பாறையோடும் பவளத்தோடும் அழையாமல் ஒட்டி வந்த உயிர்களைப் பற்றிய தீர்ப்புகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே எழுதப்படுகின்றன. பாறையில் ஏதோ ஊர்கிறது, பவளம் ஏதோ வாடுகிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். ஊர்கிற பிராணியின் பெயரைத் தேடுவதற்கு முன், காயத்தைப் பார்த்து ‘இதை எந்த மாதிரி வாய் செய்திருக்க முடியும்’ என்று கேட்டால் பாதிச் சந்தேகங்கள் அங்கேயே விழுந்துவிடும். இந்த டேங்கில் நாங்கள் செய்ததும் அதுதான்.

கொதிநீர் விஷயத்தை முதலில் நிறுத்த வேண்டியிருந்தது

விசாரணைக்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் ஆபத்து மனிதர்களுக்கு. ஸோவாந்திட் இனங்களில் சிலவற்றில், குறிப்பாகப் பாலித்தோவா வகையில், பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கிறது. ஹவாய்க் கடலில் எடுத்த பாலித்தோவாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்ததாக 1971இல் அறிவித்தார்கள். புரதமல்லாத இயற்கை நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று. செல்களின் சோடியம்–பொட்டாசியம் பம்பையே இது குலைத்துவிடும். பாலித்தோவா ஒட்டிய பாறையைக் கொதிக்க வைத்தாலோ, வெந்நீர் ஊற்றித் தேய்த்தாலோ, நஞ்சு ஆவியோடும் நுண்துளியோடும் காற்றில் கலக்கிறது. இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் என்று வீட்டில் இருந்த எல்லோரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கண்ணில் தெறித்தால் கருவிழி பாதிக்கப்படும்.

நண்பரின் பாறைகளில் இரண்டில் பழுப்பு நிறப் பாலித்தோவா விரிப்பு விரிப்பாகப் படர்ந்திருந்தது. யாரும் விலை கொடுத்து வாங்கியதில்லை, அதுவும் பாறையோடு வந்ததுதான். அந்த டேங்கிலேயே வீட்டு மனிதர்களுக்கு உண்மையாக ஆபத்தான ஹிட்ச்ஹைக்கர் (ஒட்டி வந்த உயிர்) அது ஒன்றுதான், அதை மட்டும் யாருமே சந்தேகிக்கவில்லை. கொதிநீர்த் திட்டம் கைவிடப்பட்டது. அதற்கப்புறம் பாறையைத் தொட்ட எல்லா நேரமும் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி.

டேங்கின் நிலவரம்

தண்ணீரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உப்படர்த்தி 1.025, வெப்பநிலை 25–26 டிகிரி, நைட்ரேட் 10 பிபிஎம்முக்குள். கிளாம் செத்ததற்கு மறுநாள் மட்டும் அம்மோனியா லேசாக ஏறியிருந்தது. செத்த சதை அழுகினால் அது ஏறத்தான் செய்யும், அதைக் காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மற்ற பவளங்கள் எல்லாம் திறந்து, நிறம் குறையாமல் இருந்தன. தண்ணீர் கெட்டிருந்தால் எல்லாமே கொஞ்சமாவது முகம் சுளித்திருக்கும். இங்கே பாதிப்பு இடம் பார்த்து விழுந்திருக்கிறது. வாயுள்ள ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்பதற்கு இதுவே முதல் அறிகுறி.

இழப்புகள் தொடங்குவதற்கு முன்பு உள்ளே போனவை மூன்று: கூடுதலாக ஒரு லைவ் ராக், ஒரு ஸோவாந்திட் ஃப்ராக் (சிறு வட்டில் ஒட்டி விற்கும் துண்டு), அந்தக் கிளாம். ஃப்ராக்கை அயோடின் டிப்பில், அதாவது ஒட்டியிருக்கும் பிராணிகளை நீக்கும் கரைசலில், நனைத்துத்தான் விட்டிருந்தார். பாறையையும் கிளாமையும் அப்படியே விட்டிருந்தார்.

இரவில் பார்ப்பதற்குச் சிவப்பு விளக்கு பயன்படுத்தினோம். சிவப்பு ஒளி கடலில் மேலே உள்ள சில மீட்டரிலேயே பெருமளவு உறிஞ்சப்பட்டுவிடுவதால், ரீஃப் உயிர்கள் பலவற்றின் கண்ணுக்கு அது சரியாகப் படுவதில்லை. வெள்ளை டார்ச் அடித்தால் ஓடி ஒளிகிறவை சிவப்பில் தங்கள் பாட்டுக்கு வேலையைத் தொடரும். விளக்கணைந்த உடனே பார்ப்பதால் பயன் குறைவு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கூட்டம் வெளியே வருகிறது.

முதல் குற்றவாளியின் வாய்

முள்புழு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதற்குள் வாழ்க்கை முறையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கூட்டங்கள் இருக்கின்றன. நண்பரின் டேங்கில் இருந்தவை இளஞ்சிவப்பு உடல், பக்கத்துக்கு வரிசையாக வெள்ளை முள்கற்றை, விரல் நீளம். யூரித்தோயி வகையோடு பொருந்துகிற தோற்றம். இந்த வகை அடங்கிய ஆம்ஃபினோமிட் குடும்பத்துக்குத் தாடையே கிடையாது. தொண்டையை வெளியே பிதுக்கி, மென்மையாகிப்போன சதையைச் சுரண்டி உள்ளே இழுக்கும். ஓட்டை மூடிக்கொள்ளும் வலுவோடு இருக்கிற கிளாமை வெட்டித் திறக்க இதனிடம் கருவி இல்லை.

சரி, தாடையில்லாத புழு எல்லாமே சாதுவா என்றால், அதுவும் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்மோடைஸ் கருங்குலாட்டா என்ற நெருப்புப்புழு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் பகுதிகளில் உயிருள்ள பவளத்தையே தின்கிறது. கிளையின் நுனியை வாய்க்குள் வைத்துச் சதையை உறிஞ்சிவிட்டுப் போகும், நுனி மட்டும் வெளுத்து நிற்கும். அதன் தலைமேல் மடிப்பு மடிப்பாகச் சதைத் திரட்சி ஒன்று இருக்கும், பக்கங்களில் சிவந்த செவுள் கொத்துகள் தெரியும். ஒரு புழுவைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு உருப்பெருக்கியில் பார்த்தோம். திரட்சி சிறியதாக, ஒடுங்கியிருந்தது. டேங்கில் நுனி வெளுத்த கிளையும் எங்கும் இல்லை.

யூனிசிட் வகைப் புழுக்கள் வேறு ரகம். தலையில் ஐந்து உணர்கொம்பு, உடலில் வானவில் மினுமினுப்பு, உள்ளே கத்திரி போல வெட்டுகிற தாடைகள். 2009இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில், நியூகீ நகரத்து புளூ ரீஃப் அக்வேரியத்தில் பவளங்கள் வெட்டுப்பட்டும் மீன் காயப்பட்டும் வந்தன. காட்சித் தொட்டியின் பாறைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தபோது சுமார் 4 அடி நீளமுள்ள புழு வெளியே வந்தது. ஊழியர்கள் அதற்கு ‘பாரி’ என்று பெயரே வைத்தார்கள். ஆகவே புழுவைச் சந்தேகித்த நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பிடித்த புழு அந்த இனம் இல்லை, அவ்வளவுதான்.

உருவத்தை வைத்து விடுதலை செய்ய எனக்கு மனமில்லை. அக்ளிமேஷன் பெட்டி (டேங்குக்குள் உயிர்களைப் பிரித்து வைக்கும் சிறு பெட்டி) ஒன்றில் நன்கு திறந்திருந்த சில ஸோவா பாலிப் (ஸோவாந்திட் கூட்டத்தின் பூப் போன்ற தனி உடல்கள்), ஒரு துண்டு செத்த இறால், நான்கு புழுக்கள் ஆகியவற்றை இரவு முழுக்க வைத்தோம். இறால் துண்டைச் சுற்றிப் புழுக்கள் மொய்த்தன. ஒரு புழு பாலிப்களின் மேலேயே ஏறிப் போனது. பாலிப்கள் சுருங்கி, அது கடந்ததும் மறுபடி விரிந்தன. அடுத்த சோதனையில் இறாலை எடுத்துவிட்டுப் பட்டினி போட்டும் பார்த்தோம், பாலிப்பில் கை வைக்கவில்லை.

கிளாமுக்குள் புழு இருந்ததன் அர்த்தம் இத்தோடு மாறிவிட்டது. அவை சாவு வீட்டுக்கு வந்தவை. இந்தப் புழுக்களின் எண்ணிக்கை தீனியோடு சேர்ந்து ஏறி இறங்கும். மிச்சத் தீனி மணலில் தங்கினால் பெருகும், தீனியைக் குறைத்தால் தானாகக் குறையும். பொறி வைத்துப் பிடித்தே தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் காரணத்தை விட்டுவிட்டு அளவுகோலை உடைக்கிறார்கள். ஒன்று மட்டும், வெறும் கையால் தொடக் கூடாது. அந்த முள்கள் சுண்ணாம்புச் சத்துள்ளவை, தோலில் குத்தி உடைந்து நாள் கணக்கில் எரியும். ஒட்டுநாடாவை அழுத்தி இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

சத்தம்

‘டக்’ சத்தம் கேட்டாலே மான்டிஸ் இறால் என்ற பயம் வந்துவிடுகிறது. பயத்தில் நியாயம் இருக்கிறது. மயில் மான்டிஸ் இறாலின் குத்து விநாடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போவதாக 2004இல் அளந்திருக்கிறார்கள். நத்தையோட்டை உடைத்துத் தின்பது அதன் தொழில். ஆனால் அதே சத்தத்தைப் பிஸ்டல் இறாலும் போடும். அதன் ஒரு கொடுக்கு மற்றதைவிடப் பல மடங்கு பெரியது. அதை மூடும் வேகத்தில் பீய்ச்சப்படும் நீர்த்தாரை ஒரு குமிழியை உண்டாக்க, அந்தக் குமிழி நசுங்கும்போதுதான் சத்தம் பிறக்கிறது. கொடுக்கின் இரு பகுதிகள் மோதுவதால் அல்ல என்று 2000இல்தான் அதிவேகக் கேமராவில் நிரூபித்தார்கள்.

ஒற்றைச் சத்தமானால் பிஸ்டல், தொடர்ந்து தட்டினால் மான்டிஸ் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் எந்தச் சத்தமும் எதிரொலித்து இரண்டாகும். இங்கே நத்தையோடுகள்தான் சாட்சி. மான்டிஸ் வேலை செய்திருந்தால் ஓட்டுச் சில்லுகள் குவிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு சில்லுகூட மணலில் இல்லை. அதற்குப் பதிலாக, பாறையின் அடியில் சரளைக்கல் அடுக்கிக் கட்டிய சுரங்க வாசல் ஒன்று இருந்தது. சிவப்பு விளக்கில் காத்திருந்தபோது அங்கிருந்து இரண்டு நீண்ட உணர்கொம்புகள் முதலில் வந்தன. அப்புறம் தடித்த கொடுக்கு ஒன்று மணலை வாரி வெளியே தள்ளியது. மான்டிஸுக்குக் காம்பின் மேல் தனித்தனியாகச் சுழல்கிற கண்கள் இருக்கும். இதற்கு அப்படி எதுவும் இல்லை. பிஸ்டல் இறாலேதான்.

இதை வெளியேற்ற வேண்டுமா? வேண்டியதில்லை என்பது என் முடிவு. கோபி மீனோடு வளை பகிர்ந்து வாழ்கிற இனங்களும் இதில் உண்டு. மிகச் சிறிய அலங்கார இறால்களுக்கு மட்டும் கொஞ்சம் ஆபத்து. உண்மையான தொல்லை வேறு: அது தோண்டிக்கொண்டே இருக்கும். மணல்மேல் உட்கார்ந்திருக்கிற பாறை ஒரு நாள் சரிந்து கண்ணாடியில் விழலாம். நண்பரின் பாறைகள் தரைக் கண்ணாடிமேலேயே நின்றதால் அந்தக் கவலை இல்லை.

காலி ஓடுகள்

ஓடுகளை மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவை சேதமில்லாமல் முழுசாக இருந்தன. இரண்டில் மட்டும் வாய்விளிம்பு வரிசையாகக் கடித்து உடைத்ததுபோலச் செதுக்கப்பட்டிருந்தது. துளை போட்ட ஓடு எதுவும் இல்லை. வேட்டை நத்தைகள் போடுகிற துளை வட்டமாக, செதுக்கி வைத்ததுபோல் இருக்கும்.

முழு ஓடுகளுக்கு விளக்கம் எளிது. பாசி தீர்ந்துபோன டேங்கில் டர்போ நத்தைகள் பட்டினியில் சாகும். இல்லையென்றால் ஹெர்மிட் நண்டுகள் ஓட்டுக்காகக் கொல்லும். நண்பரே காசு கொடுத்து வாங்கிவிட்ட ஹெர்மிட் ஒன்று ஏற்கெனவே டர்போ ஓடு மாட்டிக்கொண்டு உலாவியது. ஒட்டி வந்ததன்மேல் சந்தேகம் விழும்போது, காசு கொடுத்து வாங்கியதை யாரும் விசாரிப்பதில்லை.

செதுக்கிய ஓடுகள்தான் வேறு கதை. அது நண்டு வேலை. ஓட்டின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி உடைத்து, உள்ளே சுருங்கிக்கொள்கிற சதையைத் துரத்திக்கொண்டே போகும். புதிய பாறையின் பொந்தில் அப்படியொன்று இருந்தது. கட்டை விரல் நகமளவு, உடலெங்கும் முரட்டு மயிர், கொடுக்கு நுனி கறுப்பு. சாய்த்து வைத்த கண்ணாடித் தம்ளருக்குள் இறால் துண்டு போட்டு, பொந்தின் பக்கத்தில் வைத்தோம். வழுக்குகிற சுவரில் ஏற முடியாமல் காலையில் தம்ளருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

நண்டுகளைப் பொறுத்தவரை மயிரும் கறுப்பு நுனியும் சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புக்குப் போதாது. பார்க்க வேண்டியது கொடுக்கு விரல்களின் நுனி. பாசி மேய்கிற எமரால்டு நண்டின் கொடுக்கு நுனி கரண்டி மாதிரி குழிந்து தட்டையாக இருக்கும். இறைச்சி கிழிப்பதற்கு அது உதவாது. வேட்டை நண்டுகளின் நுனி கூர்மை, கொடுக்கும் தடிமன். பவளக் கிளைகளுக்குள் வாழ்கிற டிராப்பீசியா நண்டுகளோ மினுமினுப்பான வழவழ ஓடு கொண்டவை. தான் குடியிருக்கும் பவளத்தை முள்மகுட நட்சத்திர மீன் தின்ன வந்தால் எதிர்த்துக் கிள்ளி விரட்டும். பவளத்துக்குள் நண்டைக் கண்டதும் இடுக்கியோடு பாய்கிறவர்கள் பல நேரம் காவல்காரரைத்தான் பிடுங்கி எறிகிறார்கள்.

தம்ளரில் சிக்கியவரின் நுனி கூர்மை. அவரோடு ஒரு நத்தையையும் சில ஸோவா பாலிப்களையும் பெட்டியில் அடைத்தோம். நத்தையைப் பலி கொடுக்கிற சோதனை எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் நண்டு தின்னுமா என்பதை வேறு வழியில் தெரிந்துகொள்ள முடியாது. மறுநாள் நத்தையோட்டின் விளிம்பில் அதே செதுக்கல். பாலிப்கள் தொடப்படவே இல்லை. ஒரு குற்றம் நிரூபணமானது, இன்னொன்றிலிருந்து விடுதலை. ஆசாமி சம்ப்பில் (டேங்கோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) சிறைவைக்கப்பட்டார்.

ஸோவாவைத் தின்றது யார்

இதில்தான் அதிக நேரம் போனது. பாலிப்கள் நடுவில் நன்றாக இருந்து, ஓரத்தில் மட்டும் மூடிக்கிடந்தன. மூடியவை சில நாளில் காம்போடு கரைந்தன. இரவில் பார்த்தால் அந்த ஓரத்தில் அஸ்டெரினா நட்சத்திர மீன்கள். சாம்பல் வெள்ளை, விரல் நக அகலம், கைகள் ஒன்று நீளம் ஒன்று குட்டை. உடலைப் பிய்த்துப் பிய்த்தே பெருகுவதால் அந்தக் கோணல். இவற்றில் சில கூட்டங்கள் ஸோவாவைத் தின்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பெரும்பான்மை பாறைமேல் படிகிற பாசிப் படலத்தையே மேய்கின்றன. ஆகவே ‘அஸ்டெரினா நல்லதா கெட்டதா’ என்ற கேள்விக்குப் பொதுப் பதில் கிடையாது. உங்கள் டேங்கில் இருக்கிறது எந்தக் கூட்டம் என்பதே கேள்வி.

அஸ்டெரினா வயிற்றை வெளியே பிதுக்கி, தான் உட்கார்ந்த இடத்திலேயே செரிக்கிற பிராணி. அப்படியென்றால் அதைப் புரட்டினால் அடியில் தடயம் இருக்கும். புரட்டிப் பார்த்த ஒவ்வொன்றும் பாலிப் ஏற்கெனவே போன வெறும் பாறையில்தான் இருந்தது. உயிருள்ள பாலிப்மேல் ஒன்றுகூட இல்லை. பெட்டிச் சோதனையிலும் பாலிப்கள் பிழைத்தன. இடத்தில் இருந்தது, ஆனால் செய்யவில்லை. புழுவின் கதையேதான்.

கடைசியில் ஃப்ராக்கை டேங்க் தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் வைத்து, பாலிப்களைப் பிளாஸ்டிக் குச்சியால் விலக்கி விலக்கிப் பார்த்தோம். முதலில் ஸோவா தின்னும் நுடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) இருக்கிறதா என்று தேடினோம். அது தின்கிற பாலிப்பின் நிறத்தையே தன் முதுகுத் துடுப்புகளில் காட்டும், அசையாதவரை கண்ணில் படாது. அது இல்லை, சுருள் வடிவ வெள்ளை முட்டை நாடாவும் இல்லை. ஆனால் மூடிக்கிடந்த பாலிப்களின் அடியில், இரு காம்புகளுக்கு நடுவே, தட்டையான சின்ன வட்டு ஒன்று செருகியிருந்தது. மேலே கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிக் கட்டம் போட்ட சுருள். ஹெலியாகஸ் என்கிற சூரியக்கடிகார நத்தை. ஒன்றை எடுத்ததும் பக்கத்தில் இன்னொன்று, ஃப்ராக் ஒட்டியிருந்த வட்டின் அடிப்பக்கத்தில் மூன்றாவது.

அழகான நத்தை என்பதில் சந்தேகமில்லை. தெரியாதவர் கையில் கிடைத்தால் பத்திரப்படுத்தி மறுபடி டேங்கிலேயே விட்டிருப்பார். திருப்பிப் பார்த்தால் அதன் மூடி வழக்கமான தட்டை மூடியல்ல, திருகாணி மாதிரி சுற்றுச் சுற்றாக எழும்பிய கூம்பு. இந்த இனத்தை உறுதி செய்ய அந்த மூடி ஒன்றே போதும். நீண்ட உறிஞ்சுகுழலைப் பாலிப்புக்குள் நுழைத்துச் சாப்பிடும். பகலில் காம்புகளுக்கு இடையே பதுங்கிக்கொள்ளும். வெளிக்காயம் இல்லாமல் பாலிப் மூடிக் கரைவதற்குக் காரணம் இதுதான்.

டிப்பில் நனைத்த ஃப்ராக்கில் இது எப்படித் தப்பியது என்று நண்பருக்குக் குழப்பம். பிடித்த நத்தைகளை அதே அயோடின் கரைசலில் போட்டுக் காட்டினேன். போட்ட மாத்திரத்தில் கூம்பு மூடி உள்ளே இழுத்து அடைத்துக்கொண்டது. கரைசலில் வைக்க வேண்டிய நேரம் முழுவதும் வைத்து, நல்ல தண்ணீருக்கு மாற்றியதும் ஒன்று நிதானமாகக் கொம்பு நீட்டி நடக்க ஆரம்பித்தது. தட்டைப்புழு, நுடிபிராங்க் போன்ற மென்னுடல் பிராணிகளுக்குத்தான் டிப். கதவுள்ள பிராணிக்கு இடுக்கிதான் மருந்து.

கிளாம்

கிளாமின் சதை போய்விட்டது. நல்லவேளையாக ஓட்டை நண்பர் தூக்கிப் போடாமல் பால்கனியில் ஒரு வாளிக்குள் வைத்திருந்தார். நாற்றத்தைச் சகித்துக்கொண்டு உருப்பெருக்கியில் பார்த்தோம். ஓட்டின் வெளிப்புற மடிப்புகளின் இடுக்கில் நிறமற்ற சின்னச் சின்ன ஜெல்லித் திட்டுகள் காய்ந்து ஒட்டியிருந்தன. அடியில், கிளாம் பாறையைப் பற்றிக்கொள்ள நார் நீட்டுகிற துளையைச் சுற்றி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளை வெளேரென்ற கூம்பு நத்தைகள், நிறைய.

இவை பிரமிட் நத்தைகள், பைராமிடெல்லிட் குடும்பம். அந்த ஜெல்லித் திட்டுகள் இவற்றின் முட்டைகள். மற்ற நத்தைகளுக்கு இருக்கிற அரநாக்கு இவற்றுக்கு இல்லை. ஊசியும் உறிஞ்சுகுழலும்தான். கிளாமின் சதையில் குத்தி உடல்நீரை உறிஞ்சும். ஒன்றிரண்டு இருந்தால் பெரிய கிளாம் தாங்கிக்கொள்ளும். பெருகிவிட்டால் சின்னக் கிளாம் தாங்காது. பகலில் ஓட்டின் அடியிலும் மணலிலும் இருந்துவிட்டு, இரவில் மேல் விளிம்புக்கு ஏறும். மேன்டில் என்கிற வண்ணச் சதை பகலில் சரியாக விரியாதது மட்டுமே வெளியே தெரியும் அறிகுறி. அதைப் பார்த்து வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்கைக் கூட்டுவார்கள். நண்பரும் கூட்டியிருந்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சின்ன வெள்ளை நத்தை எல்லாம் பிரமிட் இல்லை. கண்ணாடியில் பாசி மேய்கிற கொலோனிஸ்டா நத்தைகள் இதே அளவில் உருண்டையாக இருக்கும், அவற்றால் நன்மைதான். செரித் குஞ்சுகள் கூம்பாகவே இருந்தாலும் ஓட்டில் புள்ளியோ முடிச்சோ தெரியும். சந்தேகமானால் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். கண்ணாடியில் மேய்கிறதா, கிளாமின் விளிம்பில் வரிசை கட்டி நிற்கிறதா என்பது ஓட்டின் வடிவத்தைவிடத் தெளிவான பதில் சொல்லும்.

ஓட்டிலிருந்த சாட்சியத்தை நான் நேரடி நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்த கிளாம்மேல் அவை உறிஞ்சுவதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர் சரி, வெளிச்சம் சரி, அதே தண்ணீரில் மற்றவை நலம், ஓட்டில் தலைமுறை கண்ட ஒட்டுண்ணிக் கூட்டம், முட்டைகளோடு. வேறு விளக்கத்துக்கு இடம் குறைவு. சாவின் வரிசையையும் இது நேராக்குகிறது: உறிஞ்சப்பட்டு நலிந்தது, வாய் பிளந்தது, வாசம் பரவியது, புழுக்கள் வந்தன.

தீர்வும் மிச்சமும்

மூன்று இழப்புக்கு மூன்று தனிக் காரணங்கள், நத்தைகளுக்கு மட்டும் பார்த்தால் இரண்டோ மூன்றோ. ஒரே குற்றவாளியைத் தேடியதுதான் நண்பரைப் புழுவிடம் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் பாறையைக் கொதிக்க வைத்திருந்தால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை ஆகியிருக்கும். அதிலும் எலி அந்த வீட்டில் இல்லை. சூரியக்கடிகார நத்தை ஃப்ராக்கில் இருந்தது, பிரமிட் நத்தை கிளாமில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் இப்படிப் பெட்டி வைத்து விசாரிக்க வேண்டுமா என்றால், இல்லை. சிலவற்றுக்குப் பெயரே தீர்ப்பு. ஐப்டேஷியா என்ற களை அனிமோன் கண்ணில் பட்டால் பரிசோதனை வேண்டாம், உடனே ஒழிக்க வேண்டும். ஆனால் நசுக்கக் கூடாது, பிய்ந்த துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். அக்ரோபோரா பவளத்தைத் தின்கிற தட்டைப்புழு, மாண்டிபோரா பவளத்தைத் தின்கிற நுடிபிராங்க் ஆகியவையும் இந்தப் பட்டியலில்தான். பெரிய கண்களோடு மீன் உடலில் ஒட்டுகிற சிரோலானிட் ஐசோபாடும் அப்படியே. பந்தாகச் சுருண்டுகொள்கிற ஐசோபாடைக் கண்டால் பதற வேண்டாம், அது துப்புரவு ஆள். ஸ்பெகெட்டிப் புழு, ஸ்டொமடெல்லா, கைட்டான், குட்டி பிரிட்டில் ஸ்டார், ஆம்ஃபிபாட் எல்லாம் சிரித்து வரவேற்க வேண்டியவை. விசாரணை தேவைப்படுவது நடுவில் நிற்கும் நண்டு, அஸ்டெரினா, பெரிய புழுக்கள் போன்றவற்றுக்கு மட்டும்.

ஸோவா ஃப்ராக்கைத் தனித் தொட்டிக்கு மாற்றி, கண்ணில் பட்ட நத்தைகளை இடுக்கியால் எடுத்து, பழைய வட்டை உடைத்துப் புது வட்டில் ஒட்டினோம். பொரிந்து வரும் குஞ்சுகளுக்காக அந்தத் தட்டுச் சோதனையை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்தார். புதிய நத்தை கிடைக்காத நிலை வந்ததும், ஓரத்துப் பாலிப்கள் திறக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நடந்தன. மணலில் மிஞ்சியிருக்கக்கூடிய பிரமிட் நத்தைகளுக்காகச் சிக்ஸ்லைன் ராஸ் மீன் ஒன்றை விட்டிருக்கிறார். அது கொஞ்சம் தின்னும், எல்லாவற்றையும் தீர்க்காது. ஒட்டி வாழ ஓர் உயிர் இல்லாமல் அந்த ஒட்டுண்ணிகளால் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது என்பதால், நல்ல இடைவெளி விட்டுத்தான் அடுத்த கிளாம் என்று முடிவு.

அதை வாங்கும்போது மேன்டிலின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஓட்டைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஓட்டின் மடிப்புகளையும் அடித்துளையையும் மென்மையான பல்துலக்கியால் தனிப் பாத்திரத்தில் துலக்கி, கழுவிய தண்ணீரைக் கறுப்புத் துணியில் வடிகட்டினால் வெள்ளைக் கூம்புகள் இருந்தால் பளிச்சென்று தெரியும். முட்டைகள் தப்பும், அதனால் ஒரு முறை துலக்கினால் போதாது. சம்ப்பில் இருக்கும் நண்டுக்கு நண்பர் இப்போது வாரம் ஒரு முறை தீனி போடுகிறார்.